ரெண்டு சிவப்புப் புள்ளி

சிம்பாங் பூலாய் பக்கம், ரப்பர் தோட்டத்தை அழித்து உண்டாக்கிய கோல்ஃப் திடல். வெயில் ஏறிவிட்டது. ஓரத்தில் மிச்சம் நிற்கிற மரங்களில் ரப்பர் காய் படீரென்று வெடிக்கிறது. ஆட்டம் தொடங்குகிற இடத்து பெஞ்சில் உட்கார்ந்து, மரியஜோசப் நெயில் பாலிஷ் புட்டியை உள்ளங்கையில் வைத்து உருட்டுகிறார். செத்துப்போன மனைவி எல்ஸியின் புட்டி. அடியில் கொஞ்சம் கெட்டியாகக் கிடக்கிறது. மற்றவர்கள் தங்கள் பந்தை அடையாளம் காணப் பேனாவால் கோடு இழுப்பார்கள், எழுத்து எழுதுவார்கள். இவர் பந்துக்கு மட்டும், தன் நகத்துக்குப் பூசிய கையோடு எல்ஸி ரெண்டு சிவப்புப் புள்ளி வைத்துத் தருவாள். இன்று அவரே வைக்கிறார். முதல் புள்ளி புடைத்து நிற்கிறது, இரண்டாவது வழிகிறது. ஆட வருகிறவர்களை அனுப்பிவைக்கும் தேவிஸ்ரீ கவுண்டரிலிருந்து எட்டிப் பார்க்கிறாள். "அங்கிள், தனியாத்தான ஆடப் போறீங்க? ஒங்க பந்து யாரு பந்தோட மாறப் போவுது லா?" அவர் சிரித்துவைக்கிறார். முதல் அடிக்கு முன்னால், கூட ஆடுகிறவரிடம் பந்தில் அச்சடித்திருக்கும் எண்ணையும் அடையாளத்தையும் காட்டிச் சொல்லிவிடுவது முறை. எழுந்துபோய்ப் பந்தை அவளிடம் நீட்டுகிறார். "மூணாம் நம்பரு, ரெண்டு சிவப்புப் புள்ளி. பாத்துக்கம்மா." போன் அடிக்கிறது. தேவிஸ்ரீ எடுத்து, யாருக்கோ மலாயில் நேரம் சொல்லிக்கொண்டே திரும்பிக்கொள்கிறாள். நீட்டிய கை அப்படியே நிற்கிறது. பிரஷ்ஷிலிருந்து எப்போது சொட்டியதோ, அவர் கட்டைவிரல் நகத்தில் ஒரு சிவப்பு. துடைக்கவில்லை. காயும்வரை ஊதிவிட்டு, மேலே கையுறையை மாட்டிக்கொள்கிறார்.