நடு சீட்டுத் தூக்கம்

பெரிய இடத்துக்காரர்களெல்லாம் இப்போது போட்டி போட்டு வாங்குகிற சொகுசு வேன் அது. அடிவாரத்திலிருந்து மலையேறி ஏற்காடு ஒண்டிக்கடை ரவுண்டானாவுக்கு வந்தபோது, நடு சீட்டில் காலை நீட்டிப் படுத்திருந்த ஓட்டல் முதலாளி நாச்சிமுத்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

டிரைவர் வனிதாவுக்கு வேலையில் அன்றுதான் முதல் நாள். எழுப்பினால் திட்டுவாரோ, எழுப்பாவிட்டால் திட்டுவாரோ என்று பயந்து, முதலாளியின் மனைவி தனலட்சுமிக்குப் போன் செய்தாள்.

“அம்மா, ஊருக்கு வந்துட்டமுங்க. ஐயா நல்லாத் தூங்கறாருங்க. எழுப்பட்டுங்களா?”

“எழுப்பீராத கண்ணு! வண்டியத் திருப்பி அடிவாரத்துக்கு ஓட்டு.”

“அங்கிருந்துதானுங்க வர்றோம்!”

“பரவால்ல, மறுபடியும் ஏறி வா. அப்பவும் முழிக்கலைன்னா இன்னொருக்கா எறங்கு.”

வனிதா நெகிழ்ந்துபோனாள்.

“ஐயா தூக்கத்து மேல உங்களுக்கு நொம்ப அக்கறைங்கம்மா.”

“அவரு தூக்கம் யாருக்கு வேணும்? அந்தக் குறட்டையில நான் கண்ண மூடி வருசக்கணக்காச்சு. பின்ன எதுக்கு அடம் புடிச்சு அந்த வண்டிய வாங்க வெச்சேன்? இன்னிக்குத்தான் ஊடு அமைதியா இருக்குது. நான் போயிப் படுக்கறேன், நீ ஓட்டு சாமி!”