குட்டைக்கு அப்பால்

அரசப்பன் பல் துலக்கினான். சவரம் செய்தான். ரேடியோவில் செய்தி முடியும்வரை காபியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பிறகு கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு மேனேஜர் லோகநாதனின் பங்களாப் பக்கம் நடந்தான்.

“இன்னாங்க, நில்லுங்க.” அவன் மனைவி குணசுந்தரி பின்னாலேயே ஓடி வந்தாள்.

பங்களாவைத் தாண்டி, தொழிற்சாலையின் கோல்ஃப் மைதானத்துக்குள் இறங்கினான். முதல் அடி அடிக்கும் இடத்தைக் காட்டும் இரண்டு வெள்ளை முளைகளை, நேற்று லோகநாதன் சொல்லி ரயில்பாதை வேலி வரைக்கும் பின்னால் தள்ளி நட்டிருந்தார்கள். ஒன்றைக் குத்திப் பெயர்த்தான்.

“ஒங்க வேல போயிடும். நான் சொல்றதக் கேளுங்க.”

“போவட்டும். எல்லாம் உன்ன வெரட்டத்தான். தூரமா அடிக்கிறவனுக்கு எவ்ளோ தள்ளி வெச்சா இன்னா? கிட்ட அடிக்கிற நீதான சாவணும்?”

குறைந்த அடிகளில் பந்தைக் குழியில் போடுபவர் ஜெயிப்பார். நாளைய போட்டியில் கடைசியாக வருபவருக்கு இனி கிளப்பில் இடமில்லை, ஆபீசர்கள் பெருகிவிட்டார்கள். ஆடுகிறவர்களில் ஒரே பெண், லேபில் கெமிஸ்டாக இருக்கும் குணசுந்தரி.

வழியில் கிடக்கும் குட்டையை ஆண்கள் முதல் அடியிலேயே தாண்டிவிடுவார்கள். அவள் மட்டும் பந்தை அதற்கு முன்னால் நிறுத்தி, அடுத்த அடியில் தாண்டுவாள். “மேடத்துக்கு நடுவுல ஒரு ஸ்டாப்பிங்” என்று லோகநாதன் சொன்னபோது கிளப்பே சிரித்தது. அந்தச் சிரிப்பு இன்னும் அரசப்பன் காதில் இருந்தது.

“பொம்பளைன்னா அவ்ளோ எளக்காரமா அந்தாளுக்கு?” அடுத்த முளைக்குக் கடப்பாரையை ஓங்கினான்.

“வராரு. சும்மா இருங்க.” பிடுங்கிய முளையை அவள் அதே குழியிலேயே நட்டுக் காலால் மிதித்து இறுக்கினாள்.

லோகநாதன் மட்டைப் பையுடன் வந்தார். “இன்னா மிஸ்டர் அரசப்பன், கெணறு வெட்றீங்களா?”

“முளை ஆடிக்கினு இருந்துது சார்,” என்றாள் குணசுந்தரி.

அவர் பந்தை வைத்து ஓங்கி அடித்தார். உயரப் போய்க் குட்டையில் விழுந்தது. இன்னொன்றை வைத்து இன்னும் பலமாக அடித்தார். அதுவும் தண்ணீருக்குள். கரையை நோக்கி நடந்தார்.

அரசப்பன் கடப்பாரையைக் கீழே போட்டான். “அவராலயே தாண்ட முடியல. இனிமே அத்தினி பேரும் உன்ன மாதிரி நிறுத்தித்தான் போவணும்.”

“இத்தினி நாளா அந்தக் குட்டை எனக்கு மட்டும்தான் இருந்துச்சு.” குணசுந்தரி சிரிக்கவில்லை.

“தன் தலையில தானே மண்ண வாரிப் போட்டுக்கினாரே. எந்த மடையன் பேச்சக் கேட்டு இதப் பண்ணாரு?”

“‘ஒங்க அடிக்கு இந்த எடம் பத்தாது சார்’னு நான்தான் சொன்னேன்.”