திரிந்த பால்

புதுவீட்டில் பால் காய்ச்ச மருமகள் தமயந்திதான் அடுப்பைப் பற்றவைத்தாள். தெருவே உள்ளே நின்று வேடிக்கை பார்த்தது. பால் கொடுத்த வேலுத்தாய் மட்டும் வாசற்படி தாண்டவில்லை. பால் பொங்கவில்லை, திரிந்துபோயிற்று.

"இவ கை பட்ட நேரம்!" என்றாள் மாமியார். "வேலுத்தாயி, நீயே சொல்லு. ஒம் பாலு என்னைக்காவது திரிஞ்சிருக்கா?"

வேலுத்தாயின் பசுவுக்கு மடிநோய். ஒரு காம்பில் கட்டிகட்டியாக வந்ததைக் கொட்ட மனமில்லாமல், காலையில் முந்தானையில் வடிகட்டிக் கலந்திருந்தாள். ஊருக்கெல்லாம் சுத்தம் சொல்லும் வாய் அவளுக்கு.

"இல்லக்கா" என்றது அந்த வாய்.

தமயந்தி நிமிர்ந்தாள். வேலுத்தாயின் முந்தானையில் ஒட்டிக் காய்ந்திருந்த வெள்ளைத் துணுக்கைப் பார்த்தாள். பிறகு முகத்தை.

"ஏங்க்கா வெளியவே நிக்கிறீங்க? உள்ள வாங்க."

ஒரே படிதான். வேலுத்தாய்க்குக் கால் எழவில்லை.