பெட்டிக்குள் ஓர் எலக்ட்ரான்

"ஏனுங்கண்ணா, எலக்ட்ரான் என்ன உங்க குடோன்ல கெடக்கற தேங்காயாங்க? இந்த மூலையில இருக்குது, அந்த மூலையில இருக்குதுன்னு கைகாட்டறதுக்கு?"

யோகப்பிரியா சிரித்துக்கொண்டே கேட்டாள். தேங்காய் வியாபாரி அப்புசாமி போர்டில் வரைந்திருந்த பெட்டியையே முறைத்துக்கொண்டிருந்தார்.

"அப்பறம் அது எங்கதான் அம்மணி இருக்குது?"

"இங்க இருக்க எத்தனை வாய்ப்பு, அங்க இருக்க எத்தனை வாய்ப்புன்னு கணக்குப் போடலாம். அவ்வளவுதானுங்க."

"நம்ம பொள்ளாச்சி பஸ் மாதிரின்னு சொல்லு. வந்தாலும் வரும், வராமயும் போகும்."

தையல்கடை வனிதாவும் எலப்புள்ளியிலிருந்து வரும் சிவப்பிரகாஷும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

கொழிஞ்சாம்பாறை வாசகசாலையின் மாடியில் ஞாயிற்றுக்கிழமை மதியமெல்லாம் இப்படித்தான் போகும். நான்கு பேர், ஒரு போர்டு, தலையணை கனத்தில் குவாண்டம் இயற்பியல் புத்தகம் ஒன்று. அப்புசாமி பத்தாவதோடு நின்றவர். வனிதா ப்ளஸ் டூ. சிவப்பிரகாஷ் டிப்ளமோ முடித்துவிட்டு கஞ்சிக்கோட்டில் ஒரு பாக்டரியில் வேலை பார்ப்பவன். யாரும் யாருக்கும் வாத்தியார் இல்லை. ஆளுக்கொரு வாரம் போர்டுக்குப் போக வேண்டும்.

யோகப்பிரியா மட்டும் பெங்களூரில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவள். மூன்று வருட உழைப்பு அடிப்படையிலேயே தப்பு என்று தெரிந்த அன்று, துணிமணியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். அறைக்கதவைச் சாத்திப் படுத்தவள் மாதக்கணக்கில் வெளியே வரவில்லை. சாப்பாட்டுத் தட்டு பாதி நாள் அப்படியே திரும்பும்.

ஒரு நாள் அப்பா சென்னியப்பன் கதவுக்கு வெளியே நின்று சொன்னார்.

"கண்ணு, வாசகசாலையில மூணு பேரு உன்ற பாடத்தத்தான் படிக்கறாங்களாமா. ரெண்டு வருசமாப் படிச்சும் எங்கியோ முட்டிக்கிட்டு நிக்கறாங்களாம். ஒருக்கா எட்டிப் பாத்துட்டு வாயேன்."

எட்டிப் பார்க்கப் போனவள், ஒரு வருடமாக ஒரு ஞாயிறும் தவறாமல் போகிறாள்.

இன்று போர்டில் பாதிக் கணக்கோடு நிறுத்தினாள்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும். பெங்களூர்ல மறுபடி சேத்திக்கறேன்னு சொல்லிட்டாங்க. நான் போகல."

"ஏன்?" என்றாள் வனிதா.

"பாதிப் புஸ்தகத்துல உங்கள எப்படிக்கா உட்டுட்டுப் போறது?"

"நெசமா எங்களுக்காகவா? இல்ல, பயமா?"

யோகப்பிரியா பேனாவின் மூடியைத் திருகினாள். "ரெண்டுந்தான். மறுபடியும் தப்பாப் போச்சுன்னா என்னால தாங்க முடியாதுக்கா."

"நீ வர்றதுக்கு முந்தி ரெண்டு வருசம் நாங்களாப் படிக்கலையா? நீ போனாலும் படிப்போம்."

சிவப்பிரகாஷ் அவசரமாக ஜன்னலுக்கு வெளியே பார்த்தான்.

"அப்ப இந்தக் கணக்க நீங்களாவே முடிங்க, பாக்கலாம்," என்றாள் யோகப்பிரியா.

அப்புசாமி வேட்டியை இறுக்கிக்கொண்டு எழுந்தார். 'பெட்டியின் சுவரில் அலை பூஜ்யம்' என்று போர்டில் எழுதினார். அடுத்த வரியில் குறியை மாற்றிப் போட்டார். வனிதா எழுந்து போய் அழித்துத் திருத்தினாள். அவள் எழுதாமல் விட்ட '2' என்ற எண்ணை சிவப்பிரகாஷ் கண்டுபிடித்தான். அப்புறம் மூவருமே சேர்ந்து ஓரிடத்தில் தடுமாறி, மொத்தத்தையும் அழித்துவிட்டு மேலிருந்து ஆரம்பித்தார்கள். யோகப்பிரியாவுக்கு வாய் துறுதுறுத்தது. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கடைசியில் விடை வந்தது.

"பொட்டி சின்னதாக ஆக அதுக்கு ஆற்றல் கூடுது. சும்மா இருக்கச் சொன்னாலும் இருக்காது. சரியா அம்மணி?" என்று திரும்பினார் அப்புசாமி. சட்டையெல்லாம் மை.

"சரிங்கண்ணா."

"பாத்துக்க. எத்தனை தப்பு! அழிச்சு அழிச்சுத்தான் எழுதுனோம். ஒண்ணும் ஆயரலை. நீயும் போய் அழிச்சு எழுது."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினாள்.

அடுத்த வாரம் கோயமுத்தூர் பஸ்ஸில் அவளை ஏற்றிவிட அப்பாவோடு மூவரும் வந்திருந்தார்கள். பஸ் நகரும்போது ஜன்னலில் தலையை நீட்டினாள்.

"அடுத்தது ஹைட்ரஜன் அணு! நான் நடுவுல வந்தவ, போறேன். அதுக்காகக் குழுவக் கலைச்சராதீங்க!"

பஸ் மறைந்ததும் சென்னியப்பன் துண்டால் முகத்தைத் துடைத்தார். மூவரையும் பார்த்துக் கை கூப்பினார்.

"என்ற மக பொழச்சுட்டாளுங்க. இனி நீங்க சிரமப்பட வேண்டாம். அந்தப் புஸ்தகத்தத் தூக்கிப் போட்ருங்க."

"அதெப்படீங்க? ஹைட்ரஜன் அணு இருக்குதுல்ல," என்றார் அப்புசாமி.

வனிதா சிரித்துவிட்டாள். "பாருங்க மாமா, இவரு பேசறத! அன்னைக்கு ஆளுக்கொரு எடத்துல இருந்து எங்களக் கூட்டியாந்து மாடியில உக்கார வெச்சுட்டு, ரெண்டு வருசமாப் படிக்கறோம்னு சொல்லுங்கன்னு கெஞ்சிட்டுப் போனீங்க. யோகா படியேறி வர்ற சத்தம் கேட்டதுக்கப்பறந்தான் நாங்க ஒருத்தர் பேர ஒருத்தர் கேட்டுக்கிட்டோமுங்க."