பெரிய வார்டுகள் காயும்வரை

ஏணியின் மேல்படியில் நின்றபடி செய்போனே ஐந்தாவது வார்டுக்கும் மஞ்சள் அடித்து முடித்தாள்.

கவுன்சில் அலுவலகத்தின் பக்கச் சுவர் முழுக்க மாவட்டத்தின் வரைபடம். பதினோரு வார்டுகள். எந்த வார்டில் எந்தக் கட்சி ஜெயித்ததோ அந்தக் கட்சியின் நிறத்தை அதில் பூச வேண்டும். ஆளும் கட்சிக்கு மஞ்சள், எதிர்க்கட்சிக்கு ஊதா. ஆறு வார்டு கிடைத்த கட்சிக்குக் கவுன்சில்.

மஞ்சளான ஐந்தும் கலஹாரிப் பாலைவனப் பக்கத்து வார்டுகள். மாடு அதிகம், முள்மரம் அதிகம், ஆள் குறைவு. சுவரில் ஒவ்வொன்றும் ஒரு கதவளவு இருந்ததால் ரோலர் வைத்து இழுத்துவிட்டாள்.

மீதி ஆறும் ஊருக்குள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு கிடப்பவை. ஆறையும் சேர்த்து ஓர் உள்ளங்கையால் மூடிவிடலாம். அவை இன்னும் வெள்ளையாகவே இருந்தன.

அதில் ஒன்பதாவது வார்டு அவளுடையது. வரைபடத்தில் அது ஒரு கட்டைவிரல் நகம். நிஜத்தில் நானூறு வீடு, ஒரே ஒரு தெருக்குழாய்.

போன தேர்தலில் ஆளும் கட்சிக்காரரான கவுன்சில் தலைவர் மொட்சுமி ஒரு வார்டு வித்தியாசத்தில் தோற்றார். அன்று மாலையே ரேடியோவில் எண்ணிக்கைச் சீட்டுகள் அத்தனையும் போலி என்றார். வழக்கு பதினான்கு மாதம் நடந்தது. அதுவரை அவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. ஒன்பதாவது வார்டுக்கென்று வந்திறங்கிய தண்ணீர்க் குழாய்கள் கவுன்சில் முற்றத்தில் கிடந்து வெயிலில் வெடித்தன. பிறகு நடந்த மறுதேர்தலில் அவரே ஜெயித்தார்.

அதனால் இந்த முறை அவர் தோற்பது மட்டும் செய்போனேவுக்குப் போதாது. தோற்றுவிட்டுப் போகவும் வேண்டும். அவர் போனால்தான் தண்ணீர் வரும்.

பத்து மணிக்கு அவருடைய வண்டி வந்து நின்றது. பின்னால் ஒரு கொழுத்த எருது.

நேற்றுத் தன் ஓட்டைப் போட்ட கையோடு மொட்சுமி கலஹாரிக்குள் இருக்கும் மாட்டுப்பட்டிக்குக் கிளம்பியிருந்தார். வெற்றி விருந்துக்கான எருதைத் தானே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது அவர் ஆசை. அந்தப் பாலைவனத்தில் எந்தப் போனும் எடுக்காது.

இறங்கியவர் சுவரைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றிக்கொண்டார். மழைக்குப் பிறகு பூத்த வெளியைப் போலச் சுவர் மஞ்சளாக விரிந்திருந்தது.

அவருடைய ஆட்கள் வரிசையாகத் தலைகுனிந்து நின்றார்கள். அதை அவர் மரியாதை என்று எடுத்துக்கொண்டார்.

“மா செய்போனே, அது என்ன மூலையில? நாலஞ்சு சோளம் சிந்தினாப்ல வெள்ளையா விட்டு வச்சிருக்க?”

“பெருசு காயட்டும், ரா. ஈரத்துல சின்னதைத் தொட்டா மஞ்சள் வழிஞ்சு உள்ள இறங்கிடும்.” அந்த ஊரில் ‘ரா’ என்றால் ஐயா, ‘மா’ என்றால் அம்மா.

இறங்கினால் இறங்கட்டும், எப்படியும் நம்முடையதுதானே என்று அவர் சொல்ல, வேலியோரம் வாளிகளோடு நின்ற ஒன்பதாவது வார்டுப் பெண்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். தன் நகைச்சுவைக்கு இத்தனை சிரிப்பு அவருக்கு அதுவரை கிடைத்ததில்லை.

ரேடியோக்காரன் மைக்கோடு ஓடிவந்தான். நேரலை.

அப்போதுதான் செய்போனே, துணியில் கையைத் துடைத்தபடி, மேலிருந்து மெதுவாகக் கேட்டாள். “எல்லாம் சரி, ரா. போன தடவை மாதிரி நாளைக்கு யாராச்சும் சீட்டு போலின்னு கிளப்பினா என்ன பண்றது?”

மொட்சுமி மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“எவனும் கிளப்ப முடியாது. நான் சொல்றேன், கேட்டுக்குங்க. இந்தச் சுவர்ல என்ன நிறம் இருக்கோ அதான் முடிவு. கோர்ட்டும் கிடையாது, மறுதேர்தலும் கிடையாது.”

மாவட்டம் முழுக்க அது கேட்டது. போதாதென்று தன் முழுப் பெயரையும் பதவியையும் சேர்த்து இன்னொரு முறை சொன்னார்.

செய்போனே மஞ்சளை விரல்நுனியால் தொட்டுப் பார்த்தாள். ஒட்டவில்லை.

ரோலரைக் கீழே வைத்துவிட்டு, இருப்பதிலேயே மெல்லிய தூரிகையை எடுத்தாள். மேலங்கிப் பையிலிருந்து, முத்திரை குத்திய ஆறு எண்ணிக்கைச் சீட்டுகளை எடுத்து ஏணிப்படியில் ஒவ்வொன்றாகப் பரப்பினாள்.

முதல் சோளம் ஊதாவானது. மொட்சுமி பெருந்தன்மையோடு தலையாட்டினார்.

இரண்டாவதும் ஊதா. மூன்றாவதும். நான்காவதற்கு அவர் தொப்பியை மறுபடி போட்டுக்கொண்டார். ஐந்தாவது முடிந்ததும் விரல் விட்டு எண்ணத் தொடங்கினார்.

கடைசியாக ஒன்பதாவது வார்டு. அதற்குத் தூரிகைகூடப் பெரிதாக இருந்தது. செய்போனே கட்டைவிரலை டப்பாவில் முக்கி, சுவரில் வைத்து அழுத்தினாள்.

வேலியோரத்திலிருந்து குலவை எழுந்தது. வாளிகள் ஒன்றோடொன்று மோதித் தாளம் போட்டன. வண்டியிலிருந்த எருதுகூட ஒரு முறை குரல் கொடுத்தது. ரேடியோக்காரன் மைக்கை அணைக்கவே இல்லை.

மொட்சுமி, மரநிழலில் உட்கார்ந்திருந்த தேர்தல் அதிகாரியிடம் போனார். அந்த ஆறு வார்டுகளின் முடிவும் எப்போது வந்தது என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

நேற்று ராத்திரியே வந்துவிட்டது, வாக்குச்சாவடிக் கதவுகளில் ஒட்டியும் ஆயிற்று, ஊரே படித்துவிட்டது என்றார் அதிகாரி. பெயிண்டர் அம்மா கையில் முதலில் கொடுத்ததும் அந்தச் சீட்டுகளைத்தான் என்றார்.

விடிந்ததும் செய்போனே முதல் வேலையாகக் கலக்கி மூடி வைத்தது ஊதாவைத்தான்.