எலுமிச்சம்பழத்தின் மேல் ஏறிய குற்றம்

கார்பன் சைக்கிள் பிரேம் ஒன்றுக்கு அடிவயிற்றில் மயிரிழை அளவு கீறல் விழுந்தது. கூடவே ஒரே பெட்டியில் வந்த வாரண்டி அட்டை இருக்கும்போது என்ன பயம்? நேராக அதனிடம் போய் நின்றது.

அட்டை தொண்டையைச் செருமிக்கொண்டது. "பள்ளத்துல விழுந்தீங்களா?"

"இல்லைங்க."

"வெயில்ல நின்னீங்களா?"

"போர்வை போத்திக்கிட்டுத்தாங்க நின்னேன்."

"எது மேலயாவது ஏறினீங்களா?"

பிரேமுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. "முதல் நாள் பிள்ளையார் கோயில் வாசல்ல பூஜை போட்டு, ஒரே ஒரு எலுமிச்சம்பழத்து மேல ஏத்தினாங்க."

"அப்போ மோதல்! அதுவும் வேணும்னே செஞ்ச மோதல். வாரண்டி செல்லாது."

கீறல் இன்னும் ஒரு விரற்கடை நீண்டது.

சக்கரத்தில் ஒட்டிக் காய்ந்திருந்த எலுமிச்சைத் தோல் குறுக்கே பேசியது. "இவருக்கு ஒண்ணும் ஆகக்கூடாதுன்னுதாங்க என்னை வெச்சாங்க. நானும் வாரண்டிதான்."

அட்டை சிரித்தது. "நீயா? உன் நிபந்தனை எத்தனை பக்கம்?"

"பக்கமெல்லாம் இல்லைங்க. நசுங்கினேன், அவ்வளவுதான்."

அடுத்த மாதம் புதுப் பிரேம் வந்தது. பழையதைச் சுவரில் மாட்டிவிட்டார்கள். பூஜைக்கு எலுமிச்சம்பழம் வாங்க மறந்துபோனதால், எதற்கும் உதவாத அந்தப் பழைய அட்டையை உருண்டையாகக் கசக்கிச் சக்கரத்தின் அடியில் வைத்தார்கள்.

"நிபந்தனைகளைப் படிச்சீங்களா..." என்று அது ஆரம்பிப்பதற்குள் சக்கரம் ஏறி இறங்கிவிட்டது.

சுவரிலிருந்த பிரேம் புதியதைக் கூப்பிட்டு ரகசியமாகச் சொன்னது: "தம்பி, யார் கேட்டாலும் எது மேலயும் ஏறலைன்னு சொல்லு."