ஏற்றிய கண்ணாடி

நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடி அரை மணி நேரமாகிறது. பதிவில் இரைச்சல் விழக்கூடாதென்று கார் கண்ணாடிகளை ஏற்றி, ஏசியையும் அணைத்துவிட்டுப் பாட்காஸ்ட் பேசிக்கொண்டிருக்கிறான் தௌபீக். சட்டைக் காலரில் மாட்டிய மைக் வியர்வையில் நனைகிறது. முன்னால் நெல் மூட்டை லாரி வெயிலை மறைக்காமல் வழியை மட்டும் மறைத்து நிற்கிறது. "டிவி நியூஸ்ல தலைவருங்க பேச்சுதாங்க. தெருவுல நிக்கிறவங்க சொல்றத யாரு கேக்குறா?" என்று மைக்கில் கேட்கிறான். வெள்ளரிப்பிஞ்சு விற்கும் காத்தாயி கண்ணாடியைத் தட்டுகிறாள். அவன் உதட்டில் விரல் வைக்கிறான். அவள் பின்பக்கம் கைகாட்டி ஏதோ சொல்கிறாள்; வாயசைவு மட்டும் தெரிகிறது. வேண்டாமென்று கையாட்டுகிறான். கேட் திறக்கிறது, லாரி போய்விடுகிறது. அவன் கார் மட்டும் ஒரு பக்கம் சாய்ந்து தடதடக்கிறது. பின்னால் ஹாரன்கள் அலற, கண்ணாடியை இறக்குகிறான். "தொண்டத் தண்ணி வத்தக் கத்துனேனே தம்பி, பின் டயர்ல காத்தே இல்லன்னு!"